தெற்கே திரும்பும் முக்கு

காற்றாலைக் காற்றாடிகள் சுற்றாமல் நின்றுகொண்டிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் அத்தனையும். மூன்று கைகளையும் மூன்று பக்கம் நீட்டிக்கொண்டு, வேலைக்கு வந்துவிட்டு வேலை செய்யாமல் நிற்கிற ஆட்களைப் போல நின்றன. சுயம்புலிங்கம் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் கிடந்த சிவப்புக் கொடியின் கம்பை இறுக்கிப் பிடித்தபடி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனி பிறந்துவிட்டால் இந்தச் சீமையில் காற்றைத் தவிர வேறு பேச்சே கிடையாது. கணவாய் வழியாக மேற்கிலிருந்து வந்து விழும். வேட்டியை மடித்துக் கட்டாதவன் மானத்தோடு தெருவில் நடக்க முடியாது. அந்தக் காற்றை நம்பித்தான் அவர் இந்தச் சைக்கிள் போட்டிக்கு வழியைப் போட்டிருந்தார். அதை நம்பித்தான் விடியற்காலையில் தொடங்குகிற போட்டியை வெயில் ஏறிய பிறகு தொடங்க வைத்தார். இன்றைக்குப் பார்த்து ஒரு பனை ஓலைகூட அசையவில்லை. ஜீப்புக்குப் பின்னால் முப்பது பெண்பிள்ளைகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவர் பெற்ற மகள் பிரம்மசக்தி. காற்று இல்லை என்றால் அவள் ஜெயிப்பாள். காற்று வந்தால் தோற்பாள். அப்படித்தான் அவர் வழியைப் போட்டிருந்தார். அதனால் அந்தக் காற்றாடிகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அரசாங்கத்தில் சர்வேயர். அடுத்தவன் நிலத்தை அளந்து அளந்து, ஒரு முழம் கூடவும் விடாமல் குறையவும் விடாமல், ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காமல் கடத்தியிருக்கிறார் இத்தனை வருஷத்தை. ஊரில் அவருக்கு 'நூலு' என்று ஒரு பட்டப்பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். கேலிதான். ஆனாலும் அதைக் கேட்டால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும், அதையும் அவரால் மறைக்க முடியாது. போட்டிக் கமிட்டிக்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் வழி போடுகிற வேலையை அவர் தலையில் கட்டினார்கள். பழைய வழி நாலுவழிச் சாலையில் நேராகப் போய் நேராகத் திரும்புவது. மேடு கிடையாது, திருப்பம் கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே கும்பலாகப் போகும், கும்பலாகத் திரும்பும், கடைசி இருநூறு மீட்டரில் கால்வலு உள்ள ஒருத்தி பாய்வாள், முடிந்தது. ஜனங்கள் அந்தக் கடைசி நிமிஷத்துக்கு வந்தால் போதும் என்று டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். போன வருஷம் அந்தக் கடைசி நிமிஷத்தில்தான் கும்பல் மொத்தமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, ஒரு பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு விலகியது. கமிட்டித் தலைவர் தவசிமுத்து அண்ணாச்சி கூட்டத்தில் சொன்னார்: "இந்தக் கடைசியில பாயுத சோலியே இந்த வருசம் இருக்கக் கூடாது வே. வழியிலயே பிரிஞ்சிரணும். எவ நெசமாவே ஓட்டுதாளோ அவ ஜெயிக்கட்டும்." சொல்லிவிட்டு ஒரு கணம் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். மாவட்டத்திலேயே கடைசியில் பாய்வதில் கெட்டிக்காரி யார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பார்வையிலேயே அவர் மாட்டிக்கொண்டார். மகளுக்காக வழியை வளைத்தான் என்று எவனும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசிவிடக் கூடாது என்கிற ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் அவருக்கு வேலை நன்றாக ஓடும். மலை இல்லாத ஊரில் பாய்கிறவளை எப்படி மடக்குவது? மூன்று ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் சுற்றினார். நாலாவது ஞாயிறு, தெற்கே ரோடு பிரிகிற பனைவிளை முக்கில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது பக்கவாட்டில் காற்று அவரை இரண்டடி தள்ளியது. அந்த இடத்திலேயே, தன்னந்தனியாக, அவர் சிரித்தார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் அவர் நெஞ்சைப் போட்டு அறுத்தது.

ஏனென்றால் விஷயம் எளிது. முன்னால் போகிறவள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று படாது, கால் வலுவைக் கடைசிவரை சேமிக்கலாம். பாய்கிறவர்கள் எல்லோரும் பிழைப்பது அப்படித்தான். ஆனால் முக்கில் தெற்கே திரும்பினால் காற்று வலது விலாவில் வந்து அறையும். அப்போது நேர் பின்னால் மறைவு கிடையாது, சாய்வாகத்தான் ஒதுங்க வேண்டும். குறுகலான ரோட்டில் அப்படிச் சாய்ந்து ஒதுங்க ஆறேழு பேருக்குத்தான் இடம். மிச்சப் பேர் ரோட்டோரத்தில் ஒருத்தி பின் ஒருத்தியாகக் காற்றைத் தின்றுகொண்டே வர வேண்டும். கொஞ்ச நேரத்தில் அறுந்து போவார்கள். ஆக, முக்கில் திரும்பும்போது முதல் ஆறேழு பேருக்குள் இருக்கிறவள் பிழைத்தாள். பின்னால் இருக்கிறவள் தொலைந்தாள். அங்கிருந்து தெற்கே முழுக்கப் பொட்டல், பிறகு மேற்கே திரும்பினால் எதிர்க்காற்று, முடிவு வரைக்கும். தனியாக விரட்டிப் பிடிக்க எந்தப் பெண்ணாலும் முடியாது. அழகான வழி. அவர் வாழ்நாளில் போட்ட கோடுகளிலேயே நேர்த்தியான கோடு. அதைப் போட்டு முடித்த அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி செல்வக்கனி, இந்த வருஷம் கடைசிப் பாய்ச்சலுக்கு இடமில்லை என்று கமிட்டி அடித்திருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பெத்த பிள்ளைக்கு வழிய மறிக்கதுக்குன்னே உக்காந்து யோசிக்க ஒரே மனுசன் நீங்கதான். வேற ஊருல உண்டுமா இப்படி?" அவர் நோட்டீஸை வாங்கி மடித்து வைத்தார். சொல்லியிருக்கலாம். வழி எல்லோருக்கும் ஒன்றுதான் செல்வக்கனி, சக்திக்கும் அதேதான், யார் கண்டது, அவள் முன்னாலேயே இருந்தாலும் இருப்பாள் என்று. ஆனால் சக்தி முன்னால் இருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவள் பின்னால் கிடந்துதான் பழக்கம். இந்தப் போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் மாநில அணி. மாநில அணிச் சான்றிதழ் இருந்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இதெல்லாமும் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கோட்டைப் போட்டார்.

"காத்தே இல்லியே அண்ணாச்சி," என்றான் எட்வின். ஜீப் ஓட்டுகிறவன். கமிட்டிக்கு வருஷா வருஷம் அவன் வண்டிதான். "ஒங்க பிளானு எல்லாம் பிளானாவேதான் இருக்கும் போலுக்கு." சுயம்புலிங்கம் சிரித்து வைத்தார். பக்கக் கண்ணாடியில் பார்த்தார். கிழக்கே நேராகப் போகிற ரோட்டில் கும்பல் சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. சக்தியின் மஞ்சள் தொப்பி கும்பலின் வாலில் ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே வா, என்று நினைத்தார். அப்படியே கடைசிவரை வந்து, முடிவுக் கோட்டுக்கு முன்னால் பாய்ந்து, ஜெயித்துவிடு. ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். சர்வேயர் காற்றைக் கோடு போட்டுப் பிடிக்கப் போனாராம் என்று டீக்கடையில் ஒரு வருஷத்துக்குப் பேசட்டும். அதற்குள் நீ திருச்சியிலோ மதுரையிலோ ரயில்வே சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பாய். இப்படி நினைத்ததும் அவர் உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் நமநம என்றது. தழும்பு ஆறிவிட்டது, ஆனாலும் அரிக்கும். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சுடலைமாடன் பீடத்துக்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு நியாயம் அவர்களுக்கு ஒரு நியாயம் கூடாது, அதனால் வழி யாருக்கும் சொல்லப்படாது, அன்றைக்குக் காலையில் ரோட்டில் போட்டிருக்கும் சுண்ணாம்பு அம்புக்குறியைப் பார்த்துத்தான் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று. மற்ற நாலு பேரும் எரிகிற சூடத்தின் மேல் கையை வைத்த வேகத்தில் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். இவர் கொஞ்சம் வைத்திருந்தார். தேவையே இல்லை. அணைந்த பிறகும் வைத்திருந்தார். பார்க்கட்டும் என்றுதான் வைத்திருந்தார், வேறென்ன.

அதற்கப்புறம் வீட்டில் அவர் வாயே திறக்கவில்லை. வழி என்ற சொல்லையே விட்டுவிட்டார். கடைக்கு எந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்டால்கூட முறைத்தார். ஒரு நாள் காலையில் சக்தி தோசை வைத்துக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டாள்: "எப்பா, இந்தத் தடவ எங்கனயாவது தெக்க திரும்புதா?" அவருக்குச் சுருக்கென்றது. தெற்கே என்று எப்படிச் சரியாகக் கேட்கிறாள்? யாராவது சொல்லியிருப்பார்களோ, இல்லை சும்மா போட்டு வாங்குகிறாளோ. பெற்ற மகள் தன்னிடம் சத்தியத்தை மீறச் சொல்கிறாள் என்ற கோபம் வந்தது. "தட்டுல இருக்கதத் தின்னு," என்றார். தட்டு அவருடையது. தோசையும் அவருக்கு வைத்தது. அவள் சாப்பிடவே உட்காரவில்லை. அவள் அதைச் சொல்லிக் காட்டாமல், "சரிப்பா" என்று இன்னொரு கரண்டி சட்னி ஊற்றிவிட்டுப் போனாள். அந்த 'சரிப்பா'வை அவர் இப்போது திரும்பத் திரும்பக் காதில் போட்டுப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததா? இல்லை. கெஞ்சல்? அதுவும் இல்லை. கடையில் ஒரு சாமான் இருக்கா என்று கேட்டு, இல்லை என்றால் சரி என்று நகர்ந்து போகிறவர்கள் சொல்வது போல இருந்தது. தட்டுல இருக்கதத் தின்னு. எவ்வளவு பெரிய வார்த்தை பேசிவிட்டதாக அன்றைக்கு நினைத்தார்.

"இந்தா முக்கு வரப்போவுது," என்றான் எட்வின், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "பிள்ளைய எல்லாம் எப்படி முன்னுக்கு ஏறி வருதுவன்னு இப்பப் பாருங்க. சும்மாவா, பத்து நாளா இதே சோலியா இங்கனதான கெடந்துதுவ." சுயம்புலிங்கத்துக்கு முதலில் அது காதில் சரியாக ஏறவில்லை. "எந்தப் பிள்ளைய?" என்றார். "எல்லாந்தான். தவசிமுத்து அண்ணாச்சி தங்கச்சி மவ, நம்ம பொருளாளர் கொழுந்தியா, அந்த நாகர்கோயில் கோச்சு கூட்டிட்டு வந்த பிள்ளைய. நான்தான பின்னால வண்டியில வந்தேன்." "அவங்களுக்கு யாருல சொன்னது?" "யாருஞ் சொல்லல அண்ணாச்சி. சூடம் அணைச்சிருக்காவள்லா, எப்படிச் சொல்லுவாவ? வண்டியில கொண்டாந்து முக்குல எறக்கி விட்டாவ. ஓட்டிப் பழகுங்கன்னாவ. வாயத் தொறந்து ஒருத்தரும் ஒன்னுஞ் சொல்லல." எட்வினுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஹாரனை ஒரு தட்டுத் தட்டி, ரோட்டில் நின்ற ஆட்டை விரட்டிவிட்டுச் சொன்னான்: "நம்ம சக்தியத்தான் ஒரு நாளுங் காணல. அப்பா சர்வேயரு, வீட்டுல வச்சே படம் போட்டுக் காட்டிருப்பாவன்னு பேசிக்கிட்டோம்." சுயம்புலிங்கம் கொடிக்கம்பை மடியில் திருப்பிப் பிடித்தார். பேசிக்கிட்டோம். யார் யார்? எல்லோரும்தான். சத்தியத்தைக் காப்பாற்றிய ஒரே ஆளும் அவர்தான், அதை ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. அந்த வழி தெரியாமல் வருகிற ஒரே பிள்ளை வழி போட்டவர் மகள். சிரிப்பு வர வேண்டிய இடம். வெளியூரிலிருந்து வந்தவளுக்கும் தெரிந்திருக்கிறது. நாகர்கோயில்காரிக்கும் தெரிந்திருக்கிறது.

கண்ணாடியில் கும்பல் உருவம் மாறியது. இதுவரைக்கும் சோம்பலாக வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு முன்னால் ஏறினார்கள். சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, தவசிமுத்து தங்கை மகளின் இரட்டைச் சடை. முக்குக்கு முன்னால் முன்வரிசையில் இடம்பிடிக்க வேண்டும் என்று தெரிந்த ஏற்றம் அது. அவர் தாளில் கோடு போடும்போது மனசுக்குள் ஓட்டிப் பார்த்த அதே ஏற்றம். மஞ்சள் தொப்பி அசையவில்லை. வாலிலேயே, சமர்த்தாக, காலைச் சேமித்துக்கொண்டு வந்தது. ஏட்டி, முன்னால வா. எல்லாரும் ஏன் முன்னால போறாளுவன்னு யோசி. அறிவில்லாதவளே. அறிவுக்கு என்ன, அவள் முப்பது பேருக்கு நடுவில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறாள், அம்புக்குறி தெரிகிறபோது முக்கு வந்துவிடும், அதற்குள் நேரம் முடிந்திருக்கும். அம்புக்குறியை முக்குக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டதும் அவர்தான். காலையில் இருட்டோடு குனிந்து குனிந்து போட்டார், இடுப்பு இன்னும் வலிக்கிறது. ஒரு சைகை போதும். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வலது பக்கம் காட்டினால் போதும், அவள் பார்ப்பாள், சின்ன வயதில் தெருமுனையில் அவர் கை காட்டினால்தானே சைக்கிளைத் திருப்புவாள். சத்தியத்தை எல்லோரும் மீறியாகிவிட்டது, இனி யாருக்குக் காப்பாற்ற? மாடனுக்கா? மாடன் இந்த ஊரில் எத்தனை சத்தியத்தைப் பார்த்திருப்பார். கொடியைத் தூக்கினால் போட்டியே நின்றுவிடும். ஆடு குறுக்கே வந்தது என்று சொல்லலாம். ஆடு வந்ததுதானே. அவர் கை ஜன்னலுக்கு வெளியே போனது. தானாகத்தான் போனது. விரித்த உள்ளங்கை வெளியே வந்ததும் அதில் ஏதோ வந்து மோதியது. என்ன என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு கை பின்பக்கமிருந்து தள்ளப்பட்டு முன்னால் மடங்கியது. நிமிர்ந்து பார்த்தார். தூரத்தில் ஒரு காற்றாடி, வேண்டா வெறுப்பாக, ஒரு சுற்றுச் சுற்றியது. அதற்கடுத்தது. அதற்கடுத்தது. பனைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சடசடத்தன. "வந்துட்டு பாத்தியளா!" என்று எட்வின் ஸ்டீயரிங்கில் அடித்தான். "அண்ணாச்சின்னா அண்ணாச்சிதான்!" கை சும்மா வெளியே தொங்கியது. எந்தப் பக்கமும் காட்டவில்லை. ஜீப் தெற்கே திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவர் போட்டபடியே நடந்தது. காற்று வலது பக்கத்துக் கண்ணாடியில் மணலை வாரி இறைத்தது. முன்னால் ஏழு பேர் ரோட்டின் குறுக்கே சாய்வாக விரிந்து ஓட்டினார்கள். பின்னால் ஒரு இடைவெளி. இடைவெளிக்குப் பின்னால் ரோட்டோரத்தில் ஒற்றை வரிசையாக மிச்சப் பேர் தலையைக் குனிந்துகொண்டு. இடைவெளி வளர்ந்தது. முன்னால் போகிற வண்டி எந்தக் காரணத்துக்கும் நிற்கக் கூடாது, வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று விதி எழுதியவரும் அவர்தான், அதனால் அவர் போய்க்கொண்டே இருந்தார். கண்ணாடியில் இப்போது ஏழு பேர்தான் தெரிந்தார்கள். மஞ்சள் இல்லை. மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். போன் அடித்தது. பின்வண்டியில் வருகிற தவசிமுத்து அண்ணாச்சி. காற்றின் இரைச்சலுக்கு மேலே கத்தினார்: "சுயம்பு, பிச்சி ஒதறிட்டீரு வே! என்னா ரூட்டு! பஞ்சா பறக்காளுவ!" பிறகு குரலைத் தாழ்த்தி, தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு அதே சத்தத்தில்: "ஒம்ம மக தனியா வெரட்டிப் பாக்கா. கூட ஒருத்தியுங் கெடையாது. பாவமா இருக்கு, விட்டுரச் சொல்லவா?" வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். சொல்லுங்கள் என்றும் நினைத்தார். "நான் இங்க இருந்து என்ன அண்ணாச்சி சொல்ல," என்றார். அதுதான் உண்மை. அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஏழு பெண்களும் அவர் கண்டுபிடித்த காற்றும் இருந்தன. தனியாக விரட்டுகிறாள். காற்றில் அவள் சைக்கிள் கோணலாகச் சாய்ந்துகொண்டு, உதடு வெடித்து, தொடை எரிய. அவளுடைய கால் கடைசி இருநூறு மீட்டருக்கு ஆனது, இந்தப் பொட்டலுக்கு ஆனதில்லை. நின்றுவிடு தாயி என்று முனகினார். எட்வின் என்ன அண்ணாச்சி என்றான். ஒன்றுமில்லை என்றார். மேற்கே திரும்பியதும் எதிர்க்காற்றில் ஜீப்பே திணறியது. காற்றாடிகள் இப்போது அத்தனையும் பேய் பிடித்த மாதிரி சுற்றின. அவருக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முடிவுக் கோட்டில் கூட்டம் கை தட்டியது. முதல் ஏழு பேர் ஒவ்வொருத்தியாக, பிரிந்து பிரிந்து வந்தார்கள். ஒருத்தரும் பாயவில்லை, ஒருத்தரும் விழவில்லை. யார் யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வெகுநேரம் கழித்து, ரோட்டில் எட்டாவதாக மஞ்சள் தொப்பி தனியாக வந்தது. கோட்டைத் தாண்டி, வேலியோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். கமிட்டி சார்பில் காகிதத் தட்டில் இட்லி கொடுத்தார்கள். சுயம்புலிங்கம் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் குந்தினார். அவள் முகமெல்லாம் மணல். அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ரூட்டு நல்லாருக்குப்பா," என்றாள். "நெசமாவே."

"மத்த பிள்ளைய எல்லாம் பத்து நாளா இங்கன ஓட்டிருக்காளுவ," என்றார் அவர். "எனக்கு இப்பத்தான் தெரியும்."

"எனக்குத் தெரியும். வாட்டின்னு கூப்புட்டாளுவ." அவள் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாள். "தெக்க திரும்புதுன்னாளுவ, எந்த முக்குன்னு சொல்லாதீங்கட்டின்னு சொல்லிட்டேன். நான் அங்க போயி நின்னா உங்களத்தான சொல்லுவாவ, சர்வேயரு சத்தியம் பண்ணிட்டு மகளுக்குச் சொல்லிட்டாருன்னு. உங்க பேரு கெட்டுரும்லா. அதான் உங்ககிட்டயே ஒரு தடவ கேட்டேன். நீங்க ஆமான்னா ஓட்டலாம்னு. நீங்க சொல்லல. சரின்னு விட்டுட்டேன்."

ஊர் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறது, பத்து நாளாக அப்படித்தான் பேசுகிறது என்று அவர் சொல்லவில்லை. அதை மட்டும் இவளுக்குத் தெரியாமல் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தார், அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. சாப்பிடச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார். தின்னு என்ற சொல்தான் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டுத் தட்டை அவள் முன்னால் தரையில் வைத்தார். உடனே காற்று தட்டின் ஓரத்தைத் தூக்கியது. அவர் உள்ளங்கையால் தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் இட்லியைப் பிட்டுப் பிட்டு மெதுவாகச் சாப்பிட்டாள். முடிகிற வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.